பாடப்புத்தகத்தின் முதுகு விடாமல் இருக்க: தையல், பசை, அட்டை

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் அரையாண்டுத் தேர்வுக்குள் இரண்டாகப் பிளந்துபோனால் பழி மாணவர்மேல் விழுகிறது. பல நேரங்களில் காரணம் கட்டுதான். தடித்த பாடநூல்களில் பெரும்பாலானவை கம் பைண்டிங். தாள்களை அடுக்கி, முதுகைச் சீவி, சூடான பசையைத் தடவி, அட்டையை அதன்மேல் ஒட்டியிருப்பார்கள். நூல் கிடையாது. புத்தகத்தை மேசையில் மல்லாத்தி உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினால் பசை நடுவில் வெடிக்கும். வெடித்த இடத்திலிருந்து ஒரு தாள் கழன்றால் அடுத்த வாரம் பத்துத் தாள் கழலும். வெயிலில் நின்ற பைக் பெட்டியில் வைத்தால் அந்தப் பசை இளகும். தளி, ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் குளிரில் விறைத்து எளிதாக உடையும்.

அதனால் தைக்க வேண்டிய காலம் ஜூன், புத்தகம் கைக்கு வந்த வாரம். கிழிந்தபின் டிசம்பரில் செய்யும் வேலைக்கு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும், உறுதியும் பாதிதான் கிடைக்கும்.

அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் புத்தகம் இலவசமாகத்தானே வருகிறது, பழையதை ஏன் காக்க வேண்டும் என்று கேட்கலாம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பம் ஆகஸ்டில் ஊர் திரும்பும். பிள்ளை நடுவில் வந்து சேரும். துணைத்தேர்வு எழுதுகிறவருக்குப் புத்தகம் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு வரை எல்லா வகுப்புப் புத்தகத்தையும் தேடி அலைகிறார்கள். பள்ளியில் ஓர் அலமாரி இருந்தால் இவர்கள் எல்லோருக்கும் ஆகும். பொதுத்தேர்வு முடிந்த மறுவாரம் மாணவர்களிடமே கேட்டுவிடுங்கள். மே மாதம் ஆனால் பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போயிருக்கும்.

வாங்கும்போது புரட்டிப் பார்க்க வேண்டியவை

முதலில் தலைப்புத் தாளின் பின்பக்கம். அங்கே முதல் பதிப்பு ஆண்டும், அதற்குக் கீழே திருத்திய பதிப்பு ஆண்டுகளும் இருக்கும். புதிய பாடத்திட்டம் 2018-19இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கும், 2019-20இல் மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. அதற்கு முந்தைய சமச்சீர்ப் புத்தகம் வகுப்பறைக்கு உதவாது. ஆனால் எறிய வேண்டாம். போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் அதையும் கேட்பார்கள், தனி அடுக்கில் வையுங்கள்.

அடுத்து, காணாமல் போகும் பக்கங்கள். எந்தப் பக்கம் போகும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்: சமூக அறிவியலில் வரைபடம், கணக்கில் கடைசியில் உள்ள விடைகள், எல்லாப் புத்தகத்திலும் முதல் நான்கு தாள், கடைசி நான்கு தாள். பத்தாம் வகுப்பு அறிவியலில் 23 அலகுகள்; பொருளடக்கத்தைப் பார்த்துக் கடைசி அலகு முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். போன பக்கத்தைப் பாடநூல் கழக இணையதளத்தில் உள்ள பிடிஎஃப்-இலிருந்து அச்செடுத்துச் சேர்க்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை. பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் நகர்ந்திருக்கலாம். எண்ணை மட்டும் நம்பாமல், முந்தைய பக்கத்தின் கடைசி வரியும் அச்செடுக்கும் பக்கத்தின் முதல் வரியும் சேர்கின்றனவா என்று படித்துப் பார்த்தபின் அச்செடுங்கள். இடது ஓரத்தில் 2 செ.மீ. வெற்றிடம் விட்டு அச்செடுத்தால்தான் தைக்க இடம் இருக்கும்.

பென்சிலில் போட்ட விடைகளை ரப்பரால் அழித்துவிடுங்கள். பேனாவில் எழுதியதைச் சுரண்டப் போனால் தாள் ஓட்டையாகும். அப்படியே விடுவது மேல்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் இன்னொரு வேலையும் உண்டு: பயிற்று மொழி பிரிப்பது. தெலுங்கு, கன்னடம், உருது வழிப் புத்தகங்கள் தமிழ் வழிக் கட்டுக்குள் கலந்துவிட்டால் ஜூனில் தேடிக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் புத்தகங்கள் குறைந்த எண்ணிக்கையில் வருபவை, தொலைந்தால் மாற்றுக் கிடைப்பது கடினம். எனவே பழுது பார்க்கும் வரிசையில் இவற்றுக்கே முதல் இடம் கொடுங்கள்.

எந்தக் கட்டு என்று அறிய

புத்தகத்தை நிமிர்த்தி, முதுகின் மேல் முனையை உற்றுப் பாருங்கள். எல்லாத் தாளும் ஒரே மடிப்பில் கூடி, நடுப்பக்கத்தில் இரண்டு கம்பி தெரிந்தால் நடு பின். தாள்கள் தனித்தனியாக ஒரு பசைக் கோட்டில் முடிந்தால் கம் பைண்டிங். சிறுசிறு மடிப்புக் கட்டுகள் தெரிந்தால் அது பாரம் தைத்த கட்டு; கொடுத்துவைத்த புத்தகம், அட்டை மட்டும் போட்டால் போதும்.

நடு பின் வேலை பத்து நிமிடம். மழைக்காலத்தில் அந்தக் கம்பி துருப்பிடித்து, துரு தாளை அரித்து, நடுத்தாள் கழன்றுவிடும். மழுங்கிய கத்தி முனையால் கம்பியின் கால்களை நிமிர்த்தி, வெளிப்பக்கமிருந்து இழுங்கள். நடு மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலிருந்தும் கீழிருந்தும் 4 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. நூல் உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே போகட்டும். மேல்துளையில் உள்ளே வரட்டும். உள்பக்கமாகவே நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேறி, மறுபடி நடுத்துளையில் உள்ளே வரட்டும். உள்ளே ஓடும் நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்து முடிச்சிடுங்கள். இரு முனையும் ஒரே பக்கம் வந்தால் முடிச்சு நூலை இறுக்காது, ஆடும்.

பக்கத் தையல்

கம் பைண்டிங் புத்தகத்துக்கு இதுதான் முதன்மை மருந்து. தேவை: 2 மி.மீ. பிட் போட்ட கை ட்ரில், கவ்வி இரண்டு, ஒரு பலகைத் துண்டு, பைண்டிங் நூல், மெழுகுவத்தி, சாக்கு ஊசியைவிடச் சிறிய ஒரு நீள ஊசி. நைலான் நூல் வேண்டாம், தாளை அறுக்கும். பருத்தி நூலை மெழுகில் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் சிக்காது, முடிச்சும் நழுவாது.

துளை போடும்முன் உள் ஓரத்தை அளந்துவிடுங்கள். புத்தகத்தை நடுவில் திறந்து, முதுகிலிருந்து எழுத்து தொடங்கும் இடம் வரை எவ்வளவு என்று ஐந்தாறு இடத்தில் பாருங்கள். மிகக் குறைந்த இடத்தில் 15 மி.மீ. இருந்தால் தாராளமாகத் தைக்கலாம். அதற்குக் கீழே போனால் அடுத்த பகுதியில் உள்ள முறையைப் பிடியுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வரியின் முதல் இரண்டு எழுத்து மடிப்புக்குள் போய்விடும். கணக்குப் புத்தகத்தில் கணக்கின் எண்ணே மறைந்துபோகும்.

முதுகிலிருந்து 6 மி.மீ. தள்ளி ஸ்கேல் வைத்துக் கோடு போடுங்கள். அதில் ஐந்து துளை. மேலும் கீழும் முனையிலிருந்து 1.5 செ.மீ. விட்டு ஒவ்வொன்று, மற்ற மூன்றும் சம இடைவெளியில். முனைக்கு மிக அருகில் போட்டால் இழுக்கும்போது தாள் மூலை கிழியும். கீழே பலகை, மேலே கவ்வி, ட்ரில் நேராக. சாய்ந்தால் முன்பக்கம் 6 மி.மீ.யில் இறங்கிய துளை பின்பக்கம் 10 மி.மீ.யில் வெளியேறி எழுத்தைத் தின்னும். ட்ரில் இல்லையென்றால் ஆணியும் சுத்தியும் போதும். ஆனால் ஆணி தாளை அகற்றாமல் பிதுக்கும், பின்பக்கம் மொட்டுப்போல் எழும்பும். அதைச் சுத்தியால் மெல்லத் தட்டிச் சமமாக்கிக்கொள்ள வேண்டும்.

நூல், புத்தகத்தின் உயரத்தைப் போல நான்கு மடங்கு. துளைகளை மேலிருந்து 1 முதல் 5 என்று எண்ணிக்கொள்ளுங்கள். பின்பக்கத்திலிருந்து 3இல் ஏறுங்கள், 8 செ.மீ. வால் பின்னால் தொங்கட்டும். 4இல் இறங்கி 5இல் ஏறுங்கள். 4இல் இறங்கி 3இல் ஏறுங்கள். 2இல் இறங்கி 1இல் ஏறுங்கள். 2இல் இறங்கினால் ஊசி பின்பக்கம் நிற்கும். அங்கிருந்து 3இல் தொங்கும் வாலோடு சேர்த்து இரட்டை முடிச்சு. இப்போது முன்னும் பின்னும் எல்லா இடைவெளியிலும் நூல் ஓடியிருக்கும். எங்காவது இடைவெளி வெறுமையாக இருந்தால் ஒரு துளையைத் தவறவிட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு குத்துக்கும் நூலைத் துளையின் திசையிலேயே இழுத்து இறுக்குங்கள். கடைசியில் மொத்தமாக இறுக்க முடியாது.

புதுப் புத்தகமாக இருந்தால் அட்டையையும் சேர்த்தே தைத்துவிடலாம். தையல்மேல் 5 செ.மீ. அகலத் துணிப்பட்டை ஒட்டினால் நூலும் மறையும், முதுகும் காக்கப்படும். துணிக்குப் பர்கூர் ஜவுளிக் கடைகளில் கிடைக்கும் பருத்தி வெட்டுத்துண்டு போதும். பாலியஸ்டர் கலந்தது பசையைக் குடிக்காது, ஒரு மாதத்தில் உரிந்துவிடும்.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல், கணக்கு இவற்றுக்குத் தொகுதி ஒன்று, தொகுதி இரண்டு என்று வரும். இரண்டையும் சேர்த்து ஒரே கட்டாகப் போடச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். செய்ய வேண்டாம். 2.5 செ.மீ.க்கு மேல் தடித்த புத்தகம் பக்கத் தையலில் திறக்காது. திறக்காத புத்தகத்தைப் பிள்ளைகள் முழங்கையால் அழுத்துவார்கள், தையல் ஓரமாகத் தாள் கிழியும். பையின் கனமும் கூடுகிறது.

உள் ஓரம் குறைந்த புத்தகத்துக்கு

இதற்குத் தையல் இல்லை, கயிறு. பழைய அட்டையைக் கழற்றி, முதுகில் காய்ந்த பசையைக் கத்தியால் சுரண்டுங்கள். தாள்களைத் தட்டி நேராக்கி, முதுகு 3 மி.மீ. வெளியே தெரியும்படி இரண்டு பலகைக்கு நடுவே கவ்வி போட்டு இறுக்குங்கள். ஹாக்ஸா பிளேடால் முதுகின் குறுக்கே 3 செ.மீ.க்கு ஒரு வெட்டு, ஆழம் 2 மி.மீ. ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் சற்றுச் சாய்த்து வெட்டினால் கயிறு உருவிப் போகாது. வெட்டுக்குள் பெவிகால் விட்டு, பருத்தி நூலைப் பதியுங்கள்; இரு பக்கமும் 2 செ.மீ. நூல் நீண்டு நிற்கட்டும், பிறகு அதை அட்டைக்கும் உறைத்தாளுக்கும் (அட்டையின் உள்பக்கம் ஒட்டும் தாள்) நடுவே ஒட்டிக்கொள்ளலாம்.

கவ்வியைச் சற்றுத் தளர்த்தி, தாள் கட்டை விசிறிபோல் ஒரு பக்கம் சாய்த்து முதுகில் பெவிகால் மெல்லிதாகத் தடவுங்கள். மறுபக்கம் சாய்த்து இன்னொரு முறை. இப்படிச் செய்தால் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அரை மில்லிமீட்டராவது பசை ஏறும். நேராக வைத்து மேலே மட்டும் பூசினால் தாளின் நுனியில்தான் பசை நிற்கும், பழைய கம் பைண்டிங்கின் அதே குறை திரும்பிவிடும். மேலே துணிப்பட்டை ஒட்டி, இரவு முழுக்க அழுத்தத்தில் விடுங்கள்.

பசை

முதுகுக்குப் பெவிகால், அட்டைக்கும் துணிக்கும் மைதா அல்லது புளியங்கொட்டை, கிழிந்த தாளுக்குத் துத்தம் (பூச்சி அண்டாமலிருக்கச் சேர்க்கும் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட்) கலக்காத மைதா. இந்தப் பிரிவினையை மாற்றாதீர்கள்.

மைதாப் பசைக்கு 100 கிராம் மாவு, 600 மி.லி. தண்ணீர். 100 மி.லி. பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டி இல்லாமல் கரைத்து, மீதித் தண்ணீர் கொதிக்கும்போது ஊற்றி, சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் விடாமல் கிளறுங்கள். வெள்ளை மங்கிக் கண்ணாடிபோல் ஆனால் வெந்துவிட்டது. வேகாத பசை காய்ந்ததும் மாவாக உதிரும். இந்த அளவு பதினைந்து, இருபது புத்தகத்துக்கு வரும். கரப்பானும் ராமபாணப் பூச்சியும் அண்டாமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தத்தை வெந்நீரில் கரைத்து, பசை ஆறியபின் பிளாஸ்டிக் மக்கில் கலக்குங்கள். அலுமினியப் பாத்திரத்தில் துத்தம் பட்டால் பாத்திரம் அரிக்கும். துத்தம் விஷம். மாணவர்கள் கையால் தொடக்கூடாது, மிச்சத்தை ஆடு மாடு மேயும் இடத்தில் கொட்டக்கூடாது. பசை வாசனைக்குக் காகிதத்தை மேயும் ஆடு நம் ஊரில் குறைவில்லை.

புளி தட்டும் காலத்தில் கொட்டை மலிவாகக் கிடைக்கும். வறுத்து, மேல்தோலை உரித்து எறிந்துவிட்டு வெள்ளைப் பருப்பை மட்டும் மாவாக்க வேண்டும். தோலின் துவர்ப்பு கலந்தால் அட்டை ஓரம் பழுப்புக் கறை பிடிக்கும். ஒரு பங்கு மாவுக்குப் பத்துப் பங்கு தண்ணீர், சிறு தீயில் அரைமணி நேரம். பிடிப்பு நன்றாக இருக்கும், காய்வது தாமதம். கெட்டி அட்டையும் துணியும் சேரும் இடத்துக்கு இதைத்தான் பரிந்துரைப்போம்.

செல்லோடேப் வேண்டவே வேண்டாம். ஓராண்டில் மஞ்சளாகி, பிசின் கசிந்து எதிர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரித்தால் இரண்டு பக்கத்து எழுத்தும் போகும். கிழிசலுக்கு வெள்ளைப் பட்டத்தாளை 1 செ.மீ. பட்டையாகக் கையால் கிழித்து (கத்தியால் வெட்டிய ஓரம் மடிப்பாக நிற்கும்), நீர்த்த மைதாப் பசையில் ஒட்டுங்கள். சாயத் தாள் பயன்படுத்தினால் நிறம் ஊறும். கழன்ற ஒற்றைத் தாளுக்கு ஓரத்தில் 3 மி.மீ. பசை போதும். அடுத்தடுத்து நாலைந்து தாள் கழன்றிருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாதீர்கள், அந்த இடம் உப்பி முதுகு மறுபடி வெடிக்கும். மொத்தமாகப் பக்கத் தையலுக்குப் போங்கள்.

அட்டை

கையில் புழங்கும் புத்தகத்துக்குக் கெட்டி அட்டை தேவையில்லை. பிரவுன் ஷீட்டே போதும். மடிப்பு உள்ளே 6 செ.மீ. போகட்டும். ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், அந்தக் கம்பிதான் அடுத்த புத்தகத்தின் அட்டையைக் கிழிக்கிறது. பிளாஸ்டிக் உறை பார்க்க அழகு. ஈரம் உள்ளே நின்று பூஞ்சை பிடிக்கும்.

அலமாரியில் நிற்கும் புத்தகத்துக்கு மட்டும் கெட்டி அட்டை. அட்டையை இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ அந்த வளைவு முதுகுக்கு இணையாக வர வேண்டும். மாற்றி வைத்தால் பசை காய்ந்ததும் அட்டை படகுபோல் வளையும், எவ்வளவு கனம் வைத்தாலும் நிமிராது. தையல் கோட்டுக்கும் அட்டை ஓரத்துக்கும் நடுவே 7 மி.மீ. இடைவெளி விடுங்கள். அதுதான் கீல். இடைவெளி இல்லாவிட்டால் அட்டையைத் திறக்கும்போதெல்லாம் முதல் தாளை இழுக்கும்.

அழுத்தத்துக்குக் கிருஷ்ணகிரிப் பக்கத்து கிரானைட் பட்டறைகளில் ஒதுக்கும் தட்டைத் துண்டைவிட நல்லது இல்லை. செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். புத்தகத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு பலகை. பத்து மணி நேரம், மழை நாளில் ஒரு முழு நாள். பாதி காய்ந்ததைத் திறந்து பார்க்கும் ஆசைதான் பல அட்டைகளைக் கெடுக்கிறது.

முதுகில் வகுப்பு, பாடம், தொகுதி, பயிற்று மொழி, பதிப்பு ஆண்டு ஐந்தும் எழுதுங்கள். பாடத் தொடக்கத்தில் உள்ள க்யூஆர் குறியீட்டின்மேல் லேபிளோ முத்திரையோ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நனைந்த புத்தகம்

ஐப்பசி, கார்த்திகையில் ஓடு ஒழுகி நனைவது வழக்கம். வெயிலில் விரிக்காதீர்கள், தாள் சுருண்டு நெளியும். நிமிர்த்தி வைத்து, இருபது தாளுக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். செய்தித்தாள் செருகினால் மை ஒட்டும். செருகிய தாளை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, இரண்டு நாளுக்குள் உலர்த்திவிட வேண்டும், தாண்டினால் பூஞ்சை. வழவழப்பான மேலட்டை ஒட்டியிருந்தால் காய்வதற்கு முன்பே பிரியுங்கள்.

பைண்டிங் கடையில் கொடுப்பதானால்

எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டினால் கடையில் கொடுப்பதே லாபம். கடைக்காரரிடம் மூன்று விஷயத்தைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: தொகுதிகளைச் சேர்க்க வேண்டாம்; மேல், கீழ், முன் ஓரங்களில் 2 மி.மீ.க்கு மேல் கட்டிங் வேண்டாம்; கம்பி வேண்டாம், நூல் தையல்தான். கட்டிங் மெஷினில் ஒரே அடுக்காகப் பல புத்தகம் வைத்து வெட்டும்போது பக்க எண்ணும் வரைபட ஓரமும் போய்விடுவது சாதாரணம். முதலில் ஒரே ஒரு புத்தகத்தை முடித்துத் தரச் சொல்லி, நடுப்பக்கத்தைத் திறந்து, ஒரு வரியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துப் பார்த்தபின் மீதியைக் கொடுங்கள்.